கரிசலில் ஒரு தோணிப் பாடம்

பசுவந்தனையிலிருந்து கடற்கரை தள்ளித்தான் இருக்கும். எட்டாம் வகுப்பில் மிதத்தலைப் பற்றிப் பேசும்போது மரத்தோணியை எடுத்துக்காட்டாகச் சொன்னால், "அது கடக்கரைக்காரங்க சமாச்சாரம் டீச்சர்" என்று பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பந்தையும் இரும்பு ஆணியையும் வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டிப் பாடத்தை முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு தோணியைப் பிரித்துப் பார்த்தால், அதற்கு வேண்டிய பொருள்களில் பல எங்கள் கரிசலில் விளைபவை. உள்கூட்டுக்குக் கருவேலம், பலகை இடுக்கில் திணிக்கப் பஞ்சு, பாய்க்குப் பருத்தித் துணி. இதைப் பிடித்துக்கொண்டு ஆறு பாடவேளைகளில் நாங்கள் செய்தவற்றை எழுதுகிறேன். கடலோரப் பள்ளிகளைவிட உள்நாட்டுப் பள்ளிகளுக்கே இது அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. தூத்துக்குடிக் கரையோரம் கடல் ஆழம் குறைவு. அதனால் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு சுமந்தவை தோணிகள். பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்தவையும் அவையே. 1974இல் புதிய துறைமுகம் வந்தபின் கப்பலுக்குச் சரக்கு சுமக்கும் வேலை போயிற்று. பாய்மரம் இருந்த இடத்துக்கு இயந்திரம் வந்தது. இன்றும் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் தோணிகள் போகின்றன. ஆனால் பாயைக் கட்டி ஓட்டத் தெரிந்த தண்டையல்களும், மரத்தைப் பார்த்தே வளைவு சொல்லும் ஓடாவிகளும் (தோணி கட்டும் தச்சர்களை அப்படித்தான் சொல்கிறார்கள்) வயதானவர்களாகிவிட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓட்டப்பிடாரம் எங்களுக்குப் பக்கம் என்பதால் பிள்ளைகள் எல்லோருக்கும் வ.உ.சி.யைத் தெரியும், அவர் ஓட்டியது பாய்மரக் கப்பல் என்றே பலர் நினைக்கிறார்கள். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கம்பெனி வாங்கிய காலியா, லாவோ இரண்டும் நீராவிக் கப்பல்கள். ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டியிட நீராவிதான் தேவைப்பட்டது. சமூக அறிவியல் ஆசிரியர் இதை ஒரு பாடவேளையில் எடுத்துக்கொண்டார்.

இனித் தோணிக்குள் வருவோம். அடியில் நீளவாக்கில் ஓடும் மரம் ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்பு போல வளைந்து எழுபவை வங்குகள். வங்குகளின் மேல் பலகை அடிக்கிறார்கள். பலகைக்கு நீளமான நேர்மரம் வேண்டும். அதற்குத் தேக்கும் ஆயினியும் மலைப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வங்குக்கு வேண்டியது வளைந்த மரம். நாட்டுக் கருவேலம் அதற்குப் பேர்போனது. உத்தரத்துக்கு ஆகாது என்று நாம் விறகாக்கும் கோணல் கிளையை ஓடாவி தேடிப் போவார்.

நேர்ப் பலகையில் வளைவாக அறுத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்குத் தீக்குச்சி போதும். கோவில்பட்டி வட்டாரப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பல வீடுகளில் அதுதான் சோறு. குச்சியின் நீளவாக்கில் மரத்தின் நார் ஓடுகிறது. நார் குறுக்கே ஓடினால் முதல் உரசலிலேயே ஒடியும். பிறகு சோதனை. பழப்பெட்டிப் பலகையில் பிறை வடிவம் ஒன்று அறுத்தோம். அதே கனத்தில், அதே வளைவில் கருவேலங்குச்சி ஒன்று எடுத்தோம். இரண்டையும் தனித்தனியே இரு செங்கல் அடுக்குகளின் மேல் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினோம். பலகைப் பிறை, நார் குறுக்கே ஓடிய இடத்தில் பட்டென்று ஒடிந்தது. குச்சியில் நார் வளைவோடு சேர்ந்தே வளைந்திருந்ததால் அது முழு வாளியையும் தாங்கியது. எத்தனை டம்ளரில் ஒடிந்தது என்பதைப் பிள்ளைகளே பட்டியலிட்டு வரைபடம் போட்டார்கள்.

குச்சி தேடப் போனபோது ஒரு தாவரவியல் பாடமும் கிடைத்தது. கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலம். நாட்டுக் கருவேலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல நீண்டு தொங்கும். இரண்டுக்கும் முள் உண்டு என்பதால் செருப்பில்லாமல் யாரையும் கூட்டிப் போகாதீர்கள்.

மூன்றாவது பாடவேளைக்கு ஒரு மாணவனின் தாத்தாவை அழைத்திருந்தேன். வண்டித் தச்சர்; மாட்டுவண்டி குறைந்ததும் வேலையை விட்டவர். வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் அந்த மாணவன் கூலிவேலை என்றுதான் சொல்வான். தோணிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவரே முதலில் தயங்கினார். கோடையில் சக்கரம் கழன்று ஆடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி தண்ணியில போட்டு வச்சா விடியக்குள்ள கெட்டியாப் பிடிச்சிக்கிரும்" என்றார். தோணிக்கும் அதே கதைதான். கரையில் காய்ந்து கிடக்கும் மரப்படகைத் தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகும்; மரம் ஊறியதும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும்.

காய்ந்த பலகைத் துண்டு ஒன்றை வெர்னியர் அளவியால் அளந்து, ஒருநாள் ஊறவைத்து மறுபடி அளந்தோம். அளந்தவன் அந்தப் பேரன். அகலம் கூடியிருந்தது, நீளத்தில் எங்கள் அளவுகோலுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. மரம் நாரின் குறுக்கேதான் உப்புகிறது, நாரின் நீளத்தில் மிகக் குறைவு. பலகைகளுக்கு நடுவில் இடுக்கு விட்டுப் பஞ்சுத் திரி திணிப்பதன் காரணம் அப்போது விளங்கியது. மரம் உப்பவும் இடம் வேண்டும், தண்ணீர் நுழையவும் கூடாது. இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். அதன் மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள்.

பழைய படகைச் செப்பனிடுவது புதிது கட்டுவதைவிடச் சிக்கலானது. பலகையைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். கப்பல் புழு வெளியே சின்ன ஓட்டை மட்டும் விட்டு உள்ளே முழுக்கக் குடைந்திருக்கும். பெயர்தான் புழு; அது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. துருப்பிடித்த ஆணி சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். கெட்ட பலகையைப் பெயர்த்துப் புதியது பொருத்துகிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக எல்லாப் பலகையும் மாறிவிட்டால் அது பழைய தோணியா, புதுத் தோணியா? இந்தக் கேள்வியைப் போட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "எங்க தாத்தா வண்டிக்கு அச்சு மாத்தி, சக்கரம் மாத்தி, ஏர்க்கால் மாத்தியாச்சு. இப்பவும் அது தாத்தா வண்டிதான்" என்றாள் ஒருத்தி. மரம் வேறு, வேலைப்பாடு வேறு என்றான் இன்னொருவன். கிரேக்கர்களும் தீசியஸ் என்பவனின் கப்பலை வைத்து இதையே விவாதித்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

பாய்மரப் பாடத்துக்குச் சிமெண்ட் தொட்டியே போதும். கண்மாய்க்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். மரத்துண்டில் குச்சி நட்டு, பழைய வேட்டித் துணியில் பாய் கட்டி, பக்கவாட்டில் விசிறியால் வீசுங்கள். படகு பக்கவாட்டிலேயே நகரும். அடியில் நீளவாக்கில் ஒரு தகரத்தைப் பொருத்திவிட்டு மறுபடி வீசினால் முன்னோக்கி ஓடும். காற்றின் விசையில் பக்கவாட்டுக் கூறைத் தண்ணீருக்குள் இருக்கும் தகரம் தடுக்கிறது, முன்னோக்கிய கூறு மிஞ்சுகிறது. எதிர்க்காற்றிலும் படகு கோணல்மாணலாக முன்னேற முடிவது இதனால்தான். கரிசல் மண் உருண்டையை ஒருமுறை படகின் அடியிலும் ஒருமுறை மேல்தட்டிலும் வைத்துப் பார்த்தால் ஈர்ப்பு மையமும் முடிந்தது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். அது பாய்த்தோணிகள் கரையில் ஒதுங்கிச் செப்பனிடப்பட்ட காலம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கும் பிள்ளைக்குச் சொல்ல இரண்டு செய்திகள் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளூஸ்டர் துறைமுகத்தை அடைந்தது, மாலுமிகள் தமிழர்கள். இரண்டாவது நம் காலத்தது. அஜந்தா ஓவியத்தில் உள்ள ஒரு கப்பலைப் பார்த்து, பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய கவுண்டின்யா 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் போர்பந்தரிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டு, 2026 ஜனவரியில் மஸ்கட்டை அடைந்தது. பழைய வரைபடம் எதுவும் இல்லாததால், அதன் வடிவத்தைச் சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையில் மாதிரி செய்து சோதித்தார்கள். எங்கள் தொட்டியில் நடந்ததன் பெரிய வடிவம் என்று சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

தூத்துக்குடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள், துறைமுகப் பகுதிக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்குவதும் நல்லது. எங்கள் பிள்ளைகள் ஓடாவியிடம் கேட்க எழுதித் தந்த 23 கேள்விகளில் முதல் கேள்வி: "வங்குக்குக் கருவேலம் எந்த ஊர்ல வாங்குறீங்க?"