மணிபல்லவத்துக்கு மீண்டவர்கள்

அழகிய இடங்கள் உலகிற் பல. ஆயினும் அவற்றுட் சிலவற்றுக்கே பயணிகள் மீண்டும் மீண்டும் செல்கின்றனர். கண்ணுக்கு விருந்தாதல் ஒன்றே காரணமாயின், ஒருமுறை கண்டது போதுமன்றோ? விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை, நயினாதீவே போதும்.

மலையும் அருவியும் அங்கில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேறி, அலையிற் சற்றே ஆடிச் சென்றால், கரையருகே நாகபூஷணி அம்மன் கோயிற் கோபுரம். சிறிது அப்பால் நாகதீப விகாரை. எனினும் ஆனித் திருவிழாவுக்கு ஆண்டு தவறாது வருவோர் பலர்.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை நோக்குக. அதிற் கூறப்படும் மணிபல்லவம் நயினாதீவே என்பாருமுளர், மறுப்பாருமுளர். அவ்வழக்கு இங்கு வேண்டா. மரக்கலம் தன்னை விட்டுப் போய்விட, ஆபுத்திரன் ஆளில்லாத அத்தீவிலே தனித்து நின்றான். பிறர்க்கு ஊட்ட வழியின்மையால் அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். மறுபிறப்பிற் சாவக நாட்டு மன்னன் புண்ணியராசனாகி, மணிமேகலையோடு அங்கு வந்து, மணலுட் புதைந்து கிடந்த தன் பழைய உடம்பின் எலும்பையே கண்டான். மணிமேகலைக்கும் அது மீள்வருகை. அவள் தன் முற்பிறப்பை உணர்ந்ததும், அமுதசுரபியைப் பெற்றதும் அத்தீவிலேதான். இருவரும் அங்கே கண்டது தம்மையே.

நயினைக்கு மீள்வோர் செய்தியும் இதனின் வேறன்று. மகப்பேறு வேண்டி நேர்த்தி வைத்தவர், குழந்தையை ஏந்திக் கடன் தீர்க்க வருகின்றனர். நாகம்மா, நாகலிங்கம், நாகராசா என்னும் பெயர்களுட் பல இவ்வாறு இடப்பட்டவை. தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகரோ, மகோதரன், சூளோதரன் என்னும் நாகவரசரின் அரியணைப் பிணக்கைத் தீர்க்கப் புத்தர் எழுந்தருளிய இடம் இதுவென மகாவம்ச வழியே நம்புகின்றனர். போர்க்காலத்தில் நெடிது தடைப்பட்ட அவர் வரவு 2009க்குப் பின் பெருகியது.

புலம்பெயர்ந்த நம் பழைய மாணவரும் விடுமுறையிற் பிள்ளைகளோடு வருகின்றனர். பெற்றோருக்கு அது மீட்சி. கனடாவிலும் இலண்டனிலும் பிறந்த பிள்ளைகளுக்கோ முதல் வருகை. கோபுரத்தைப் படம்பிடித்து அடுத்த படகிலே திரும்பினால், மறுமுறை அவர்களை அழைக்க அங்கே எது இருக்கும்? அன்னதானப் பந்தியில் அவர்களை அமர்த்துங்கள். இலை போடவும் விடுங்கள். பாட்டனார் நேர்ந்தது இன்னதென்று சொல்லுங்கள்.

ஒருமுறை என் வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். தலவரலாறு பற்றி நான் ஆற்றிய நீண்ட உரை மறுவாரம் எவனுக்கும் நினைவில் இல்லை. பந்தியிலே தண்ணீர் வார்த்த மாணவன் ஒருவன் மட்டும், "ஐயா, அடுத்த கொடியேற்றம் எப்போது?" என்று வினவினான்.