பெயின்ற் கடைசியில் அடிக்கலாம்

அன்புள்ள விசுவமடுத் தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அளம்பில் பக்கம் பல வருடம் மீன் ஏற்றி ஓடிய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கி வளவுக்குள் விட்டிருக்கிறீர்கள். 1992ஆம் ஆண்டு வாகனம், 3எல் டீசல் எஞ்சின். வாங்கியதோடு காசு பெரும்பாலும் முடிந்துவிட்டது. கூட்டாளிமார் ரிங்கரிங் செய்து பெயின்ற் அடிக்கச் சொல்கிறார்கள். கராஜில் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் வைக்கச் சொல்கிறார்கள். அப்பாவோ, "தடைக்காலத்தில் நாங்கள் இதைவிட மோசமானதெல்லாம் ஓடினனாங்கள், ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்கிறார். யார் சொல்லைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் முழுதாகத் திறந்தது. இடையில் 2022இல் ரூபாவும் விழுந்தது. உங்கள் வயதைவிடக் கூடின வயதுள்ள வாகனத்துக்கு நீங்கள் அவ்வளவு விலை கொடுக்க வேண்டி வந்தது அதனால்தான். இதே நிலையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதால் பதிலை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அப்பா சொல்வதை லேசாக எடுக்க வேண்டாம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் டீசலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வடக்குக்குள் வராமல் நின்றன. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை நம்மவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7, 8 என்ற அளவில்தான் இருந்தது. அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கின. தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்து போட்டார்கள். ஒரு வாகனத்தின் பெயாரிங்கை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். கையில் ஒரு கருவியும் இல்லாமல் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் காலத்தில் உருவானார்கள். அவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியுமென்றால் அவரை வாகனத்தடிக்குக் கூட்டிவாருங்கள். உங்களிடம் இருக்கிற காசைவிட அவருடைய காது பெறுமதியானது.

ஆனால் அன்று ஒட்டுவேலை செய்தது வேறு வழி இல்லாததால். இன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சாமானைச் சொல்லிவைத்தால் இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கிளிநொச்சியில் இறங்குகிறது. பல சாமான் வவுனியாவிலேயே கிடைக்கிறது. தடைக்காலத்து ஆட்களின் பொறுமையையும் நோய் கண்டுபிடிக்கும் திறமையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கம்பிக்கட்டையும் மண்ணெண்ணெயையும் எடுக்காதீர்கள்.

மண்ணெண்ணெயைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த மாதங்களில், லீற்றர் 87 ரூபாவுக்கு இருந்த மண்ணெண்ணெயைக் கலந்து ஓடியவர்கள் பலர். அந்த வருடம் ஓகஸ்ற்றில் அது 340 ரூபா ஆன பிறகுதான் அந்தப் பழக்கம் குறைந்தது. அப்பா காலத்து ஏ40 பெற்றோல் எஞ்சின், அதற்கு மண்ணெண்ணெய் வெறும் எரிபொருள். உங்கள் ஹைலக்ஸின் டீசல் பம்புக்கோ, உள்ளே ஓடும் டீசலேதான் எண்ணெய்ப்பூச்சு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். உங்கள் பம்ப் அந்த வருடம் என்ன குடித்தது என்பதை இப்படிப் பார்க்கலாம்: வாகனத்தை நன்றாக ஓடி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்ராட் செய்யுங்கள். காலைக் குளிரில் உடனே பிடிக்கிறது, சூட்டில் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால், ஈரத்துணி ஒன்றைப் பம்பின் மேல் போட்டுக் குளிர வையுங்கள். பிறகு பிடித்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவுசெய்யலாம். பம்பைக் கழற்றிச் செய்விக்கிற செலவு, எஞ்சின் மாற்றும் செலவில் ஒரு பங்குதான்.

எஞ்சினை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். 3எல் 2779 சீசி எஞ்சின். ரேர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை, சரியாகப் பார்த்தால் இன்னும் பல காலம் உழைக்கும். வாங்கி வைக்கிற எஞ்சினின் கதை உங்களுக்குத் தெரியாது. இருக்கிறதன் கதையை அதன் புகையிலேயே வாசிக்கலாம். காலையில் வெள்ளைப் புகை வந்து கண் எரிந்தால் முதலில் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள், அது விலை குறைந்த சாமான். கறுப்புப் புகை என்றால் எயார் பில்ரர், நொசில். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது, அப்போதுதான் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ரேடியேற்றர் மூடியைக் குளிரில் திறந்து வைத்து ஸ்ராட் செய்து, தண்ணீரில் குமிழி விடாமல் வருகிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சின் ஒருமுறை கொதித்தால் ஹெட் வெடிக்கக்கூடியது. அதனால், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேர்மஸ்ரற்றைக் கழற்றி எறியச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நமது கிணற்றுத் தண்ணீரையும் ரேடியேற்றருக்கு விடாதீர்கள். கேத்திலில் படிகிற சுண்ணாம்பு அங்கேயும் படியும்.

இன்னொன்று, ரைமிங் பெல்ற். ஒரு லட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டியது. அந்தத் தூரம் வந்ததும் மீற்றர்ப் பலகையில் ஒரு சின்ன விளக்கு எரியும். உங்கள் வாகனத்தில் அந்த விளக்கும் கிலோமீற்றர் கணக்கும் சொல்வதை நம்ப முடியாது. கடைசியாக எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றவே வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும். அந்தச் செலவு உங்களை நிமிர விடாது.

இதற்கெல்லாம் முன்னால் செசி. மீன் ஏற்றிய வாகனம் என்று நீங்கள் எழுதிய வரியில்தான் என் மனம் நின்றது. ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் தட்டின் ஓட்டைகளால் இறங்கிச் செசியில் விழுந்து, பெட்டிபோன்ற அந்த இரும்புக்குள்ளே தேங்கும். கறள் உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். விற்றவர் புதுசாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் அதை அழகென்று எடுக்காதீர்கள், சுரண்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். முன்னாலிருந்து பின்னால்வரை கைப்பிடி இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். போன இடம் செத்த சத்தம் போடும், செதில் செதிலாய் உதிரும். பின்பக்க ஸ்பிறிங் பிளேட் செசியோடு சேர்கிற இடத்தை ஸ்குறூ டிறைவரால் குத்தியே பாருங்கள். அங்கேதான் உப்பும் சேறும் பாரமும் ஒன்றாய்ச் சேர்கின்றன. ஓட்டை விழுந்திருந்தால், ஒரு தகட்டை மேலே வைத்து வெல்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். கறள் போன இரும்பை நல்ல இரும்புவரை வெட்டி எடுக்க வேண்டும். போடுகிற தகட்டின் ஓரம் செசிக்குக் குறுக்கே நேர்கோடாய் நிற்காமல் சரிந்து முடிய வேண்டும். நேராய் நின்றால் பாரத்தில் அந்தக் கோட்டிலேயே முறியும். வெல்ட் பிடிக்கும் முன்னால் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓல்ரனேற்றர் போய்விடும். நீளத்துக்கு உக்கியிருந்தால் மேற்கொண்டு ஒரு சதமும் போடாமல் நல்ல செசி ஒன்றைத் தேடுவதுதான் வழி. அப்படி மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், மறைத்து ஓட முடியாது.

ஹைலக்ஸ் சாகாது என்று கூட்டாளிமார் சொல்வார்கள். 2003இல் பிபிசியின் ரொப் கியர் நிகழ்ச்சியில் 1988ஆம் ஆண்டு டீசல் ஹைலக்ஸ் ஒன்றைக் கடலலையில் விட்டு, தீ வைத்து, இடிக்கிற கட்டடத்தின் உச்சியில் ஏற்றியும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அது திரும்ப ஸ்ராட் ஆனது. உண்மைதான், அது நல்ல வாகனம். ஆனால் அது உப்பில் குளித்தது சில மணி நேரம். உங்களுடையது பல வருடம்.

செசி தப்பினால் அடுத்து பிறேக். பின் அச்சுக்கு மேலே, செசியில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். தட்டில் பாரம் ஏறி உடல் தாழும்போது அந்தக் கம்பி வால்வை அமத்திப் பின்சில்லுகளுக்குக் கூட பிறேக் அழுத்தம் விடும். வெறுமையாய் ஓடும்போது அழுத்தத்தைக் குறைத்து, மழை றோட்டில் பின்சில்லு பூட்டி வாகனம் சுழலாமல் காக்கும். பழைய பிக்கப்களில் இந்த வால்வு இறுகிப்போயிருக்கும், அல்லது கம்பி கழன்று யாரோ கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டியிருப்பார்கள். அதோடு, கூட நெல் மூடை ஏற்றலாம் என்று ஸ்பிறிங்குக்கு மேலதிக பிளேட் போடுவது நம்மிடம் வழக்கம். பிளேட் போட்டதும் உடல் உயர்ந்து நிற்கும். பாரம் ஏறினாலும் தாழாது. தட்டு வெறுமை என்று வால்வு எண்ணிப் பின்பிறேக்கைக் குறைத்துவிடும். பாரம் கூடியிருக்கும், பிறேக் குறைந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே வராது, மாடு ஒன்று குறுக்கே வரும்வரை. ஆகவே பிளேட்டைக் கூட்டாதீர்கள். ஏற்கெனவே கூட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், வால்வைச் செய்வித்துச் சரியான உயரத்துக்குப் பூட்டச் சொல்லுங்கள். சில்லுச் சிலிண்டர்களின் ரப்பர், ஹோஸ், பிறேக் ஒயில் மூன்றையும் முழுதாகப் புதுசாக்குங்கள். ஸ்ரேரிங் ஜொயின்ற்களையும் கீழ் போல் ஜொயின்ற்றையும் அதே நாளில் ஜக் வைத்துத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிடலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் மரக்கறி ஏற்றத்தான் வாங்கினீர்கள், தெரியும். ஆனால் அருவி வெட்டுக்குப் போகிறவர்கள் பின்னால் ஏறுவார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அயலே ஏறி நிற்கும். மறிக்க உங்களுக்கு மனம் வராது. அவர்களை ஏற்றாமல் விடுவதுதான் சரி. அதையும் மீறி யாரேனும் ஏறுகிற நாளில் அந்த வால்வு வேலை செய்ய வேண்டும்.

ரயரில் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பூ நன்றாக இருக்கிறதென்று வயதுபோன ரயரை வாங்காதீர்கள். டாக் போட்ட ரயர் பின்னுக்குப் போகட்டும், முன்னுக்கு வேண்டாம். விளக்குகள் பிரகாசமாய் எரிய வேண்டும். ஏ35 வீதியில் பரந்தன் பக்கம் இரவில் மாடு படுத்திருப்பதும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நிற்பதும் நீங்கள் அறிந்ததே. மங்கல் விளக்குக்குப் பல நேரம் காரணம் பல்ப் அல்ல, கறள் பிடித்த எர்த் வயர்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வாகனம் எங்கே நின்றது என்று முந்தைய சொந்தக்காரரைக் கேளுங்கள். எப்படியென்றாலும் பின் டிபரன்சியல் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓப்பின் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்திருந்தால், உங்கள் பேருக்கு மாற்றாமல் ஒரு நட்டையும் புதுசாய் வாங்காதீர்கள். 2009இல் எத்தனையோ குடும்பங்கள் வாகனத்தையும் பத்திரத்தையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தன. ஆகவே செசியில் அடித்திருக்கிற இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது வன்னியில் மற்ற இடங்களைவிட முக்கியம். உங்கள் வாகனம் இன்னொரு குடும்பத்தின் இழப்பாக இருக்கக்கூடாது.

கையில் உள்ள காசு இவ்வளவுக்கும் போதாது என்று எனக்கும் தெரிகிறது. வேலையை மூன்றாய்ப் பிரியுங்கள். செசி, பிறேக், ஸ்ரேரிங், ரயர் முதல் தவணை, அது முடியும்வரை வாகனம் வளவை விட்டு இறங்க வேண்டாம். பெல்ற்றும் ரேடியேற்றரும் விளக்கும் இரண்டாவது, அதோடு ஓடத் தொடங்கலாம். பம்பும் நொசிலும் உழைத்து வரும் காசில் செய்யலாம். லீசிங்குக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். மழை பிழைத்த ஒரு போகம் அந்தத் தவணையைக் கட்ட விடாது. தம்பி முறையான ஒருவர் சாதாரண தரம் முடித்துவிட்டு இருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். அவரை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் பிக்கப்பின் அடியில் படுத்துக்கொண்டே அவரும் பாதி பாடத்தைக் கற்றுக்கொள்வார்.

பெயின்ற் அடிக்கிற ஆசை எனக்கும் புரிகிறது. அதற்குக் காசு சேரும்வரைக்கும் தட்டில் உப்பு ஊறிய இடங்களைச் சுரண்டி, கறள் தடுக்கிற சிவப்பு பிறைமரை மட்டும் பூசிவிடுங்கள், மாரி தொடங்க முன்னர்.

சுத்தியலால் தட்டிப் பார்த்தபின் பின்பக்க ஸ்பிறிங் பிடிக்கிற இடம் எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்