மோதிரம் தேடப் போகும் தம்பிகளுக்கு

மெட்டல் டிடெக்டர் வாங்கி, தொலைந்த நகையைத் தேடித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் காஞ்சிபுரத்து ஓரிக்கைப் பிள்ளைகளுக்கு மூத்தவன் ஒருவனின் வார்த்தை இது. கனடாவின் வான்கூவரில் கிறிஸ் டர்னர் என்பவர் 2009-ல் ‘ரிங் ஃபைண்டர்ஸ்’ என்று தொடங்கிய தேடுவோர் அமைப்பில் இன்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இது புதுசு. ஆனால் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி இருக்கிற வீட்டுக்கு ஓடிய ஊர்தான் இது. அந்தக் கரண்டி இரவலாக வந்ததுபோல உங்கள் மிஷினும் வரட்டும்.

1. மிஷினை ஆன் செய்யுமுன் உட்கார்ந்து பேசுங்கள். கடைசியாக விரலில் பார்த்தது எப்போது? அதன்பிறகு கை என்னென்ன செய்தது? எண்ணெய்க் குளியலா, மாவு பிசைந்ததா, குப்பை கொட்டியதா? குளிர்ந்த தண்ணீரில் விரல் சற்று மெலியும். சீயக்காயும் சோப்பும் சேர்ந்தால் மோதிரம் கழன்றதே தெரியாது. சுவீடனில் ஒரு அம்மா 1995-ல் சமையல்கட்டில் கழற்றி வைத்த கல்யாண மோதிரம், 2011-ல் அவர் தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டில் மாட்டியபடி வந்தது. காய்கறிக் கழிவோடு எருவுக்குப் போயிருக்க வேண்டும் என்பது அந்த வீட்டாரின் கணிப்பு. கழிவு போகும் வழியையும் கேளுங்கள்.

2. தறி வீட்டில் நிதானம் வேண்டும். தறிக்குழிக்குள் மிஷினின் காயிலை இறக்கினதுமே அது அலறும். பாவு நூல் நுழையும் பண்ணையில் எஃகுப் பல், மிதியில் கம்பியும் ஆணியும், குழியின் அடியில் வருஷக்கணக்கான ஜரிகைத் துணுக்கு. பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்கமுலாம் பூசியதுதான் ஜரிகை. கொத்தாகக் கிடந்தால் அதற்கும் சத்தம் வரும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த தோட்டாவை கிரஹாம் பெல் இப்படியொரு கருவியால் தேடினார். கிடைக்கவில்லை. மெத்தைக்கு அடியிலிருந்த இரும்பு ஸ்பிரிங்கும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஆகவே குழியில் பெரிய காயில் வேண்டாம். குழி மண்ணை வாரி வெளியே கொண்டுவந்து, பழைய வேட்டியில் பரப்பி, கைக்கருவியை அதன்மேல் ஓட்டுங்கள். பிறகு சல்லடையில் சலியுங்கள். பாவு பூட்டிய தறியில் உங்கள் கை படக்கூடாது. இழை அறுந்தால் உட்கார்ந்து முடிச்சுப் போடுவது நெய்கிறவர்தான். எதை நகர்த்துவதானாலும் அவரே நகர்த்தட்டும். சலித்ததில் வந்த ஜரிகையை வீட்டம்மா கையில் கொடுத்துவிடுங்கள், அதுவும் காசு.

3. மிட்டாய்த் தாள் என்று சத்தத்தை ஒதுக்காதீர்கள். மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் மிஷினுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளி மெட்டி உயர்ந்த சுருதியில் கூப்பிடும், தங்கம் அப்படிக் கூப்பிடாது. நூறு தாளைத் தோண்டச் சலிக்கிறவனுக்கு இந்த வேலை ஒத்துவராது.

4. பாலாற்றில் கயிறு கட்டித் தேடுங்கள். பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு பாதி படிய, மெதுவாக. நெடுக்காக முடித்த இடத்தைக் குறுக்காகவும் ஒருமுறை. 22 கேரட் தங்கம் மணலைவிட ஆறு மடங்குக்கு மேல் கனம். மிதிபட மிதிபட இறங்கிக்கொண்டே போகும். 2021 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னால் ஆற்றில் விழுந்தது என்றால் வீண் நம்பிக்கை கொடுக்காமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

5. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே மிஷினை எடுத்துப் போகவே வேண்டாம். மற்றக் கோயில் வளாகமும் குளமும் என்றால் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். அத்திவரதர் சயனித்திருக்கும் அனந்தசரஸ் குளத்தின் பக்கம் பேச்சே எடுக்காதீர்கள். மண்ணுக்குள் புதைந்த பழம்பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட்டுத் தகவல் கொடுங்கள். 1878-ன் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் அரைக்கிலோ அளவுக்குத் தங்கம் வெளிப்பட்டது. ஊரார் கொடுக்க மறுத்தார்கள்; அதிகாரிகள் வந்து பேசி வாங்கிப் போனார்கள். சாமி நகை என்று ஒரு ஊரே நின்றும் சட்டம் விடவில்லை.

6. கூலி பேசாதீர்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

7. ஒருவர் மோதிரத்தைத் தேடும்போது இன்னொருவருடையது கிடைப்பதுண்டு. எடுத்தவனுக்கே சொந்தம் என்பது சட்டத்தில் இல்லை. உடையவரைத் தேடாமல் அமுக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவின்படி குற்றம். மோதிரத்தின் உள்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். அண்மைக்காலத்து ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறி இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் ஹால்மார்க் வாங்கிய நகைக்கடையின் விவரம் வரும். வாங்கியவர் பெயர் அதில் வராது. கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். மோதிரம் கிடைத்தது என்று மட்டும் ஊரில் சொல்லுங்கள். கல்லையும் எழுத்தையும் கேட்டு வருகிறவர் சொல்லட்டும். யாரும் வராவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

8. நகை தொலைந்த வீட்டில் முதலில் தொலைவது நம்பிக்கை. பாத்திரம் தேய்க்க வந்தவள், பாவு பிணைக்க வந்தவர், புதிதாக வந்த மருமகள் என்று யார்மேலாவது கண் விழும். சிலர் மை போட்டுப் பார்க்கவும் ஓடுவார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் வாய் கொடுக்காதீர்கள். “வீட்டுக்கு யார் வந்தார்கள்?” என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. மோதிரம் கிடைத்தால் எங்கே, எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் வேலையை விட்டு நின்றிருந்தால் அவரை வரவழைக்கச் சொல்லுங்கள். அவர் வந்து நின்ற பிறகு மோதிரத்தை உடையவர் கையில் கொடுங்கள்.