மாடி அறையில் வெக்கை தணிய...

கோடை வந்தால் கீழ்த்தளத்தில் ஃபேனே போதும். மாடியில் ஏசி போட்டும் புழுக்கம் போகாது. பெரிய ஏசி வாங்குவதற்கு முன், சூடு உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் கவனியுங்கள்.

1. பகலெல்லாம் கான்கிரீட் தளம் வாங்கிய சூடு, இரவில்தான் அறைக்குள் இறங்கும். பங்குனியிலேயே மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை கூல் ரூஃப் பெயின்டோ இரண்டு கோட்டு அடித்துவிடுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவுங்கள்.

2. பெயின்ட் அடிக்க வசதிப்படாதவர்கள், படுக்கையறைக்கு நேர் மேலே மட்டுமாவது பச்சை நிழல்வலை கட்டலாம். தரையில் விரிக்காமல் ஆளுயரத்தில் கட்டினால் இடையே காற்று ஓடும்.

3. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது மேல். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடைபட்டுவிடும்.

4. காலையில் வெயில் ஏறியதும் மாடி ஜன்னல்களைச் சாத்துங்கள். வெளியே குளிர்ந்த பிறகு திறவுங்கள். சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் பிற்பகலில் கடல்காற்று வரும். அப்போது கிழக்கு, தென்கிழக்கு ஜன்னல்களைத் திறந்துவிடலாம்.

5. வீட்டுக்குள் மாடிப்படி இருந்தால் அதுவே ஒரு புகைபோக்கி. இரவில் கீழ்த்தள ஜன்னல்களையும் படியின் உச்சியில் உள்ள வென்டிலேட்டரையும் ஒருசேரத் திறந்தால், சூடான காற்று மேலேறி வெளியேறும். கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறிவரும். மொட்டை மாடி வாசலுக்குக் கம்பிக் கதவும் கொசுவலையும் இருந்தால் பயமின்றித் திறந்து வைக்கலாம்.

6. காற்று ஓடுகிறதா என்று பார்க்க, ஃபேன்களை நிறுத்திவிட்டுப் படியின் நடுவில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உச்சி வென்டிலேட்டர் பக்கம் இழுபட்டால் வழி சரி. அங்கேயே சுழன்றால் மேலேயோ கீழேயோ ஏதோ அடைத்திருக்கிறது.

7. வென்டிலேட்டர் இல்லாத அறையில், இரவில் டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். எதிர் ஜன்னல் திறந்திருக்கட்டும். வெக்கை வெளியேறும்.

8. குளிர்ந்த காற்று கனமானது. மாடி ஏசி அறையின் கதவு திறந்திருந்தால் குளிர்ச்சி படி வழியே கீழே வழிந்துவிடும். கீழ் ஹாலில் ஏசி போட்டு மாடியைக் குளிர்விக்கவும் முடியாது. ஏசி ஓடும்போது அறைக் கதவைச் சாத்துங்கள். கதவில்லாத படிவாசலுக்குக் கனத்த திரை போடுங்கள்.

9. கீழே 1 டன் போதுமான அறைக்கு, மேல்தளத்தில் அதே அளவில் 1.5 டன் தேவைப்படலாம். 2020 ஜனவரி முதல் வரும் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குகின்றன. அதிலேயே வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். 18-க்கு இறக்கினால் கரன்ட் பில்தான் ஏறும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

10. வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களின் வறண்ட வெயிலுக்கு ஏர் கூலர் நன்றாகவே உதவும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

எல்லாவற்றையும் ஒரே கோடையில் செய்ய முடியாவிட்டால், முதலில் மொட்டை மாடி, அடுத்து ஜன்னல், கடைசியில் ஏசி என்ற வரிசையில் செலவழியுங்கள்.