பழைய காரின் ரேடியேட்டர் ஓஸுக்கு ஏற்ற கிளிப் எது?

மளிகைக்காரனுக்கும் ஓஸ் கிளிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். நம் சங்க உறுப்பினர்கள் சிலர் வீட்டில் இன்னும் அம்பாசிடர் நிற்கிறது. 2014-ஆம் ஆண்டிலேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா வாங்கிய வண்டி என்று சிலரும், டிக்கியில் மூட்டை ஏற்றினால் முனகாது என்று சிலரும் விடாமல் வைத்திருக்கிறோம். கொள்முதலுக்கும் வசூலுக்கும் அதில்தான் போய் வருகிறோம். பதினைந்து ரூபாய் சாமான் ஒன்றால் ஒரு நாள் வியாபாரமும் ஓர் எஞ்சினும் எப்படிக் கெடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

2011 சித்திரை மாதம். துவரம் பருப்பும் வத்தலும் பிடிக்கக் கோவில்பட்டியிலிருந்து விருதுநகருக்குப் புறப்பட்டேன். பத்து மணி வரைதான் அந்த விலை என்று தரகர் சொல்லியிருந்தார். சாத்தூர் தாண்டியதும் ஹீட் முள் மேலே ஏறியது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் முள் தானாகவே இறங்கிவிட்டது. சூடு குறைந்துவிட்டது என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டினேன். உண்மையில் தண்ணீர் முழுவதும் வெளியே போயிருந்தது. முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் இல்லாவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே வந்து நம்மை ஏமாற்றிவிடும். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போயிருந்தது. பருப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. எஞ்சின் வேலைக்குப் பதினோராயிரம் ஆனது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கழன்று தொங்கிய மேல் ஓஸையும் அதன் கிளிப்பையும் காட்டினார். பட்டை பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ மட்டும் துருப்பிடித்து, மரை தேய்ந்து வழுக்கிவிட்டிருந்தது. ஒரு மாதம் முன்பு அவர் நாற்பது ரூபாய்க் கிளிப்பைச் சொல்ல, இரும்புக்கு இவ்வளவா என்று கேட்டு, பதினைந்து ரூபாய்க்கு வேறொரு கடையில் பேரம் பேசி வாங்கி வந்தவன் நான்தான். மிளகைக் கையில் தேய்த்து, பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவன், இதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினேன்.

இந்தச் சின்னப் பட்டைக்கு என்ன பாரம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். ரேடியேட்டர் காரின் உடம்போடு சேர்ந்து நிற்கிறது. எஞ்சினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. இந்த ஆட்டத்தை எல்லாம் நடுவில் இருக்கும் ஓஸ் தாங்குகிறது. அதோடு, ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கிறது. அழுத்தம் ஏறினால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் அதற்கு மேலும் தாங்கும். குக்கரில் நடப்பதும் இதுதான். எஞ்சின் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறி ஓஸைக் கழுத்திலிருந்து தள்ளப் பார்க்கும். ஆறினால் ரப்பர் சுருங்கும். நாள்தோறும் இப்படி நடப்பதால் கிளிப்புக்குக் கீழே ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிவிடுகிறது. இறுக்கிய கிளிப் சில மாதத்தில் தானாகத் தளர்ந்தது போல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் இரட்டைக் கம்பிக் கிளிப் வரும். கம்பி மெலிது என்பதால் ஓஸில் கோடு போல் பதிந்து வெட்டும். அசல் தோற்றம் வேண்டும் என்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும், ஓடும் வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். புதிய கார்களில் இடுக்கியால் விரிக்கும் ஸ்பிரிங் கிளிப் வருகிறது. ரப்பர் சுருங்கினாலும் அதுவும் கூடவே சுருங்கிப் பிடிக்கும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் ஓஸின் கனத்துக்கு மிகச் சரியான அளவாக இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு நாம் வாங்கும் ஓஸ்கள் ஒன்றுக்கொன்று கனத்தில் மாறுபடுவதால் அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆகவே நமக்கு ஏற்றது திருகிப் பிடிக்கும் பட்டைக் கிளிப்தான். ஜூபிலி கிளிப் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். லம்லி ராபின்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைக்காரர் 1921-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே அமைப்புதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டைக் கிளிப்பிலும் தரம் பார்க்க வேண்டும். மலிவான வகையில் பட்டையில் வரிசையாக ஓட்டை வெட்டியிருப்பார்கள். இறுக்கும்போது ரப்பர் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி அறுபடும். நல்ல வகையில் ஓட்டை இராது. ஸ்க்ரூவின் மரை பிடிக்கப் பட்டையின் மேல்பக்கம் மட்டும் பள்ளம் பதித்திருக்கும். உள்பக்கத்தை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். பட்டையின் இரு ஓரமும் மேல்நோக்கி மடிந்திருந்தால் இன்னும் நல்லது. கூர் ஓரம் ஓஸை வெட்டாது.

அடுத்து உலோகம். "எஸ்.எஸ்." என்று சொல்லி விற்பதில் பாதிக் கிளிப்புகளுக்குப் பட்டை மட்டுமே எஸ்.எஸ்., ஸ்க்ரூ துத்தநாகம் பூசிய இரும்பு. ஐரோப்பிய முறையில் செய்யும் கம்பெனிகள் இதை வெளிப்படையாகப் பட்டையிலேயே பொறிக்கின்றன. டபிள்யூ 1 என்றால் முழுவதும் பூசிய இரும்பு. டபிள்யூ 2 என்றால் பட்டையும் ஸ்க்ரூப் பெட்டியும் எஸ்.எஸ்., ஸ்க்ரூ இரும்பு. டபிள்யூ 4 என்றால் எல்லாமே எஸ்.எஸ். உப்புக் காற்று அடிக்கும் தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து அன்பர்கள் நான்காவதையே கேட்டு வாங்கவும். முத்திரை இல்லாவிட்டால் ஒரு சின்னக் காந்தம் போதும். முதலில் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். கப்பென்று பிடித்துக்கொண்டால் அநேகமாக இரும்புதான். பட்டையில் காந்தம் ஒட்டினால் மட்டும் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். காந்தம் ஒட்டும் எஸ்.எஸ். வகையும் உண்டு.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். ஓஸின் உள்வாயை அளந்துகொண்டு போய்க் கிளிப் கேட்கக் கூடாது. வெளிச்சுற்றுதான் கணக்கு. ஓஸைக் கழுத்தில் மாட்டிய பிறகு ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்து, ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் குறுக்களவு வந்துவிடும். சுற்று 140 மில்லிமீட்டர் என்றால் குறுக்களவு 44.5 வரும். அதற்கு 32-50 என்று பொறித்த கிளிப் பொருந்தும். 40-60-ம் மாட்டிக்கொள்ளும், ஆனால் ரப்பர் அமுங்கியதும் கடைசி மரைக்கு வந்துவிடும். பெரிய கிளிப்பை இறுக்கிச் சிறிதாக்கினால் வேறு தொல்லையும் உண்டு. வட்டம் முட்டை வடிவாகி, ஸ்க்ரூப் பெட்டிக்கு அடியில் சொட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் வால் கையைக் கிழிக்கும், பெல்ட்டில் உரசும்.

மாட்டும்போது ரேடியேட்டர் கழுத்தைச் சுற்றி உள்ள மேட்டைக் கவனிக்கவும். மேட்டுக்கும் ஓஸின் முனைக்கும் நடுவில் பட்டை உட்கார வேண்டும். மேட்டின் மேல் உட்கார்ந்தால் வழுக்கும். ஓஸ் முனையிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருப்பது நலம். பழைய துருவையும் காய்ந்த பசையையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஓஸை ஏற்ற வேண்டும். கழுத்து அரித்துக் குழி விழுந்திருந்தால் எந்தக் கிளிப்பும் ஒழுக்கை நிறுத்தாது.

எவ்வளவு இறுக்குவது? அம்பாசிடரின் பழைய ரேடியேட்டர் கழுத்து மெல்லிய பித்தளை. பலம் உள்ள மட்டும் முறுக்கினால் கழுத்து நசுங்கும், ரப்பர் பட்டையின் இரு பக்கமும் வீங்கி வெளியே வரும். அப்படி வீங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். திருப்புளி வழுக்கும். ஸ்க்ரூத் தலைக்குப் பொருந்தும் பெட்டி ஸ்பேனர் இருந்தால் கை நிதானத்தில் இறுக்கலாம். பல கிளிப்புகளுக்கு 7 மில்லிமீட்டர் சரியாக வரும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மறுநாள் காலையில் ஒரு கால் சுற்று பார்த்துக்கொள்ளவும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

கீழ் ஓஸை மறந்துவிடாதீர்கள். அது வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம். அங்கே கிளிப் தளர்ந்தால் தரையில் சொட்டு விழாமலே காற்று உள்ளே போகலாம். காரணம் தெரியாமல் சூடேறும் வண்டியில் நான் இப்போது முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். ஓஸை விரலால் அமுக்கிப் பார்த்து, கல் போல் இறுகியோ கொழகொழவென்றோ இருந்தால் கிளிப்போடு அதையும் சேர்த்தே மாற்றிவிடவும்.

என் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் இப்போது 32-50 அளவில் இரண்டு கிளிப், ஒரு 7 மில்லிமீட்டர் பெட்டி ஸ்பேனர், ஒரு பழைய வேட்டித் துணி ஆகியவை எப்போதும் இருக்கும். டிக்கியில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர். விருதுநகருக்கு இன்றும் அதே வண்டியில்தான் போகிறேன். சாத்தூர் வந்ததும் ஒரு டீ குடிக்க நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவது.