கைப்பேசி காட்டும் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படையாக அமைந்திருத்தலைத் தமிழ் மாணவர் அறிவர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைத் தான் கண்ட வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் பொருள். வழிகாட்டுவோன் அவ்வழியில் தானே நடந்தவன். தனக்கென ஓர் ஊதியம் நாடாதவன். மலைபடுகடாமோ வழியிலுள்ள இடர்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கும்.

இன்று இளைஞர்க்கு வேறோர் ஆற்றுப்படை வாய்த்திருக்கிறது. அன்னூரிலிருந்து கோவை செல்லும் காலைப் பேருந்தில் அதனைக் காணலாம். அருகருகே அமர்ந்த மாணவர் இருவர் ஒரே செயலியைத் திறந்திருப்பர். ஆயினும் ஒருவர் காண்பதை மற்றவர் காண்பதில்லை. எக்காட்சியில் எத்தனை நொடி நின்றார், எதனை மீண்டும் பார்த்தார், எதனை விரலால் தள்ளினார் என்பவற்றைக் கணினி நிரல் குறித்துக்கொண்டு அடுத்ததைத் தேர்ந்தளிக்கிறது. இன்ஸ்டாகிராம் தொடக்கத்தில் பதிவுகளைக் கால வரிசையிலேயே காட்டியது. 2016ஆம் ஆண்டில்தான் இம்முறைக்கு மாறியது. வழிப்போக்கன் ஊர் சேராமல் வழியிலேயே நின்றிருப்பதுதான் இவ்வழிகாட்டிக்கு ஊதியம். நிற்கும் நேரமெல்லாம் விளம்பர வருவாய்.

தையலும் ஆங்கில உச்சரிப்பும் இதன்வழிக் கற்ற மாணவியரை நாம் அறிவோம். நன்மையே இல்லை என்பது நம் கருத்தன்று. ஆனால் தேர்வில் தோற்ற மாணவன் ஓரிரவு துயரக் காட்சியொன்றில் சற்றே நின்றுவிட்டால், நிரல் அதனை அவன் விருப்பமெனக் கொண்டு அத்தகையவற்றையே மேலும் மேலும் அளிக்கத் தலைப்படும். துயரத்தையும் விருப்பத்தையும் அது வேறுபடுத்துவதில்லை. 2017இல் இலண்டன் மாநகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி உயிர்நீத்தாள். அவள் கேளாமலே அத்தகைய காட்சிகள் சிலவற்றை நிரல்கள் தேர்ந்தளித்தன என்று 2022இல் மரண விசாரணை அலுவலர் பதிவு செய்தார். தன் உடல் குறித்து வருந்திய பதின்பருவப் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்தது எனக் கூறியதாக அந்நிறுவனத்தின் அக ஆய்வே காட்டியது. 2021இல் அது வெளிப்பட்டது.

நம் மாநிலத்திலும் இது வழக்குமன்றம் ஏறியதுண்டு. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, 24ஆம் நாள் நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மைய அரசு நாட்டுப் பாதுகாப்புக் கருதித் தடுத்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. மறுமாதமே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ். மதுரை வழக்கில் முதன்மை பெற்றது காட்சிகளின் ஆபாசம், தேர்ந்தளிக்கும் முறையன்று. முறை பெயர் மாறி நிலைத்துவிட்டது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறாரின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலை விலக்குகிறது. சிறார் என்போர் 18 வயது நிரம்பாதோர். கல்லூரி வாயிலை மிதிக்கும் பருவத்திலேயே அக்காப்பு முடிந்துவிடுகிறது என்பதை நம் மாணவர் கருதவேண்டும்.

யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துப் பதிவதையும் நிறுத்திவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் தோன்றுவதில்லை. தேடும் கட்டம் மட்டும் இருக்கும். நாம் சொல்லக் கேட்டு மாணவர் ஒருவர் அவ்வாறு செய்தார். மறுநாள் வந்து, "எதைத் தேடுவது என்றே தோன்றவில்லை, ஐயா" என்றார்.