8,000 ரூபாய் மழை ஜாக்கெட் வீணாப்போனா யார் செலவு?

போடிமெட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறவங்க 8,000 ரூபாய்க்கு மழை ஜாக்கெட் வாங்குறீங்க. ரெண்டாவது மழைக்காலத்துலயே உள்பக்கத் தையல் டேப் உரிஞ்சு வந்தா?

1. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். டேப் தானாக உரிந்தால் அது குறை. கீழே விழுந்து முழங்கை கிழிந்தால் உங்கள் செலவு.

2. உடனே தையல்கடைக்கு ஓடாதீங்க. வெளியாள் கை வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் நிபந்தனை போடும். முதலில் பில், போட்டோவோடு மெயில் அனுப்புங்க.

3. பதில் வரலையா? 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்க. அதிலும் தீரலைன்னா, கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷம்தான் கெடு.

இப்ப கணக்கு: 20 தடவையில் போனால், ஒரு தடவைக்கு 400 ரூபாய். 100 தடவை உழைத்தால் வெறும் 80.

கடை பில்லில் மை மங்கிடும். இன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுடுங்க!